விடைக்கு வரி காட்டவும்

திருகோணமலையில், உட்துறைமுக வீதியை ஒட்டிய ஓர் ஒழுங்கையில் இருக்கும் எங்கள் பழைய வீட்டில் இருந்துகொண்டு, நான் சீனத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பயிற்சித்தாள் எழுதுகிறேன். இதை ஒருவருக்கு விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். முன்வீட்டு அம்மா, நான் சீனாவுக்கு வேலை செய்கிறேன் என்று சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருக்கும் சீனன்குடாவுக்கு எத்தனை மணி பஸ்ஸில் போகிறீர்கள் என்று கேட்டார். நான் வீட்டை விட்டு வெளிக்கிடுவதே இல்லை என்பது அவருக்குத்தான் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்டார். திருத்தப் போனால் கதை நீளும் என்று ஏழரை பஸ் என்று சொல்லிவிட்டேன்.

வேலை இதுதான். சீனாவில் பள்ளிக்கூடத்தின் கடைசி வருடங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய சோதனை இருக்கிறது. அதற்காக அவர்கள் வாராவாரம் ஆங்கிலத் தாள் செய்வார்கள். இலக்கணத்துக்கு இடைவெளி நிரப்புதல். வாசிப்புக்கு ஒரு பந்தி, அதன் கீழ் நாலு கேள்வி, கேள்விக்கு நாலு விடை, அதில் சரியானது ஒன்று. அந்தப் பந்தியையும் கேள்விகளையும் எழுதுவது நான். தொலைந்த நாயைத் தேடிக் கொடுத்த சிறுமி, மொட்டைமாடியில் தோட்டம் போட்ட கிழவர், குளிரில் முட்டை காக்கும் பென்குவின். இந்த ஒரு வருடத்தில் நான் எழுதிய பென்குவின்களை வரிசையில் விட்டால் எங்கள் ஒழுங்கையில் தொடங்கி டொக்யாட் வாசல் வரை நிற்கும்.

சட்டங்கள் நிறைய. சாவு கூடாது, சமயம் கூடாது, அரசியல் கூடாது, காதல் கலியாணம் கூடவே கூடாது. அவர்கள் தந்த சொற்பட்டியலுக்கு வெளியே ஒரு சொல் போனாலும் சிவப்புக் கோட்டோடு திரும்பி வரும். எல்லாவற்றிலும் பெரிய சட்டம், ஒவ்வொரு சரியான விடைக்குப் பக்கத்திலும் அது பந்தியின் எத்தனையாவது வரியில் இருந்து வருகிறது என்று நான் குறிக்க வேண்டும் என்பது. விடைக்கு வரி காட்டவும் என்று படிவத்தின் தலையிலேயே போட்டிருக்கும். எழுதியவரின் மனதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. தாளில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

எனக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்திருந்தது. இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். தனக்கு அப்படித்தான் விளங்கியது என்று சொல்லும் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, எங்கே எழுதியிருக்கிறது காட்டு பார்ப்போம் என்று கேட்டே காலத்தை ஓட்டியவள். என் வாய்க்குப் பயந்து பிள்ளைகள் மட்டுமில்லை, அதிபரும் எனக்கு முன்னால் ஆங்கிலத்தில் அறிவித்தல் வாசிக்க மாட்டார். பென்சன் எடுத்த பிறகு, பழைய சக ஆசிரியை ஒருவர் இந்த வேலையைப் பற்றிச் சொல்லி, நான் மாதிரிக்கு ஒரு பந்தி எழுதி அனுப்பி, அப்படியே தொடங்கியது.

அங்கே என் தாள்களை வாங்குபவர் ஒரு பெண்மணி. அவரும் ஆசிரியைதான். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. நான் அனுப்பும் பந்தியைத் தன் வகுப்பில் முதலில் கொடுத்துச் செய்விப்பார். பிள்ளைகள் விடையைத் தெரிவு செய்வதோடு, எந்த வரியை வைத்துத் தெரிவு செய்தோம் என்று பந்தியிலும் கோடிட வேண்டும். அதன் பிறகுதான் அச்சுக்குப் போகும். அவருடைய மின்னஞ்சல்கள் நாலைந்து வரிக்கு மேல் வராது. ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் உங்கள் கடின உழைப்புக்கு நன்றி என்று இருக்கும். அது அவர்கள் வழக்கமாகச் சொல்வது, எல்லோருக்கும் சொல்வது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒருநாள் அதை வாசித்துவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதேன். அந்த வருடத்தில் வேறு யாரும் எனக்கு நன்றி சொல்லியிருக்கவில்லை. நன்றி சொல்லும்படி நான் யாருக்கும் ஒன்றும் செய்திருக்கவும் இல்லை.

தனிமை என்றால் சோகமாக யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. எனக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. காலையில் இடியப்பக்காரரிடம் பத்து என்பேன். பத்து என்ற அந்த ஒரு சொல்லோடு பகல் முழுவதும் போய்விடும். பின்னேரம் முன்வீட்டு அம்மா ஏதாவது கேட்டால் தொண்டை கரகரத்துக் கொண்டு வரும், பாவிக்காத தண்ணீர்க் குழாயைத் திறந்த மாதிரி. துறைமுகத்துக்குள் கப்பல் ஊதினால் மணி பார்ப்பேன், காரணம் ஒன்றும் இல்லை. ஊருக்குள் திரியும் மான்கள் ஒழுங்கைக்குள் வந்து மதிலுக்கு மேலால் எட்டிச் செவ்வரத்தைப் பூவைத் தின்னும். அவற்றை ஆங்கிலத்தில் ஏசுவேன். முழு வசனத்தில், காலம் பிழைக்காமல் ஏசுவேன். அந்த வீட்டில் அதுதான் சத்தம்.

முன்பு அப்படி இல்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு நானும் தங்கையும் அந்த வீட்டில் இருபது வருடம் இருந்தோம். என்னை விட ஏழு வயது இளையவள். மீன்பிடிச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதும் லிகிதராக இருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் கலியாணம் சரிவரவில்லை. நாட்டில் சண்டை நடந்த காலத்தில் எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான், அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் சமைப்பாள், நான் குறை சொல்வேன். அவள் ரேடியோ போடுவாள், நான் குறைக்கச் சொல்வேன். இப்படியே காலம் போய்விடும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். நாற்பத்தாறு வயதில் அவள் கலியாணம் கட்டிக்கொண்டு சல்லி என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போனாள்.

மாப்பிள்ளை, சங்கத்துக்கு வந்து போகும் ஒருவர். மனைவியை இழந்தவர், சொந்தமாக ஒரு படகு இருந்தது, கருவாடும் போடுவார். ஒரே ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். கதிரையின் நுனியில் இருந்தார். அவரிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, எத்தனையாம் வகுப்பு வரை படித்தீர்கள் என்று. எட்டு என்றார். தலையை ஆட்டினேன். என்னுடைய அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

கலியாணப் பதிவுக்கு நான் போகவில்லை. அதன் பிறகு அவள் வந்தபோதெல்லாம் வேலை இருக்கிறது என்று கேற்றடியிலேயே நின்று பேசி அனுப்பினேன். முதல் வருடம் அடிக்கடி வந்தாள், இரண்டாம் வருடம் ஞாயிறுகளில் போன் எடுத்தாள், மூன்றாம் வருடம் அதுவும் நின்றுவிட்டது. சல்லி என்ன கடல் கடந்தா இருக்கிறது? நிலாவெளி பஸ்ஸில் ஏறினால் அரை மணித்தியாலம். நான் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தேன். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? இதை எத்தனை பேருக்குச் சொன்னேனோ, அத்தனை தடவையும் அது உண்மை என்றே நம்பிச் சொன்னேன்.

இந்த வருடம் மழைக்கு முந்திய புழுக்கத்தில், ஒரே கிழமையில் ஆறு பந்தி கேட்டு மின்னஞ்சல் வந்தது. ஐந்தை எழுதிவிட்டேன். ஆறாவதற்கு மண்டை காய்ந்துவிட்டது. பென்குவினும் இல்லை, கிழவரும் இல்லை. கடைசியில், கையில் இருந்த கதையையே எழுதினால் என்ன என்று தோன்றியது. யாருக்குத் தெரியப் போகிறது? கடலோரச் சிறிய பட்டினம் ஒன்றில் இரண்டு சகோதரிகள். கலியாணம் எழுதக் கூடாதென்பதால், தங்கைக்கு வேறு ஊரில் ஒரு நல்ல வேலை கிடைத்ததாக மாற்றினேன். மற்றதெல்லாம் நடந்தபடியே போட்டேன். யோசிக்கத் தேவையில்லாமல் கை ஓடியது.

நடந்தது இவ்வளவுதான். ஒரு பின்னேரம் அவள் இரண்டு கப் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்து, கலியாண விஷயத்தைச் சொல்லி, என்ன சொல்லுறீங்கள் அக்கா என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் எழும்பிக் குசினிக்குள் போனேன். அடுத்தநாள் காலை திரும்பவும் கேட்டாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு நாளுக்குப் பிறகு, பையோடு கேற்றடியில் நின்று இன்னொருமுறை கேட்டாள். நான் கேற்றைப் பூட்டப் போவதாகச் சொன்னேன். இதைச் சின்னச் சின்ன ஆங்கில வசனங்களில் எழுதி முடித்தேன். சொல் எண்ணிக்கை குறைந்தது. குசினிக்குள் போன இடத்தில், அக்கா ஒரு கப்பை எடுத்துக் கழுவினாள், அது ஏற்கெனவே கழுவிய கப் என்று ஒரு வசனம் சேர்த்து எண்ணிக்கையைச் சரிக்கட்டினேன்.

நாலாவது கேள்வி, அக்கா ஏன் பேசாமல் இருந்தாள் என்பது. நாலு விடை எழுதினேன். அவளுக்குக் களைப்பு. தங்கை தன்னிடம் கேட்காமல் முடிவெடுத்ததால் அவளுக்கு மனவருத்தம். தனியாக வாழப் பயம். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கவில்லை. சரியான விடையாக இரண்டாவதைக் குறித்தேன். வரி காட்ட வேண்டிய இடத்தில் ஏதோ ஓர் எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டேன். அவசரம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலு நாளில் பதில் வந்தது. ஐந்து பந்தி சரி. ஆறாவதில், மூன்று பிள்ளைகளைத் தவிர வகுப்பு முழுவதும் நாலாவது கேள்விக்கு மூன்றாவது விடையைத் தெரிவு செய்திருந்தது. தனியாக வாழப் பயம். என் வகுப்பில் பலருக்குச் சகோதரங்கள் இல்லை, ஆனாலும் இந்தப் பந்தியைப் பற்றி மணி அடிக்கும் வரை கதைத்தார்கள், தயவுசெய்து விடையை ஒருமுறை பார்க்கவும் என்று எழுதியிருந்தார். பிள்ளைகள் கோடிட்ட சில தாள்களின் படங்களையும் இணைத்திருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள், என் வீட்டு வாசலைக் கண்ணால் கண்டிராதவர்கள், எனக்குப் பாடம் சொல்வதா? வகுப்புக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று, கொஞ்சம் மரியாதையான சொற்களில், ஒரு நீண்ட பதில் எழுதினேன். அக்காவின் வயது, அவள் குடும்பத்துக்குச் செய்தது, மூத்தவளைக் கேட்டு நடக்கும் எங்கள் வழக்கம் எல்லாவற்றையும் எழுதினேன். பந்தியை விட அது நீளம். அவர் ஒரு வரியில் பதில் அனுப்பினார். அதெல்லாம் பந்தியில் இல்லை, தயவுசெய்து வரி காட்டவும்.

வரியைத் தேடினேன். ஒருமுறை வாசித்து, இரண்டாவது முறை வாசித்து, பிறகு அச்செடுத்துச் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தேன். பழக்கம்தானே. கேட்காமல் முடிவெடுத்தாள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. சரி, இல்லாவிட்டால் சேர்த்துவிட்டால் போயிற்று என்று, தங்கை யாரையும் கேட்கவில்லை என்று ஒரு வசனம் எழுதி அனுப்பினேன். அதற்கும் பதில் வந்தது. அப்படியானால் மூன்று இடத்தில் தங்கை அக்காவிடம் கேட்பதாக இருக்கிறதே, இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகிறது, அந்த மூன்று வசனங்களையும் எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார்.

எடுத்துவிடலாம்தான். மூன்று வசனம், மூன்று தட்டு. முதலாவது வசனத்தைத் திரையில் தெரிவு செய்து பிடித்துக்கொண்டு, அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தபடி இருந்தேன். என்ன சொல்லுறீங்கள் அக்கா. அதை எழுதியது நான். யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை. தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று மூன்று வருடமாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள், கதை என்று எழுத உட்கார்ந்ததும் மூன்று முறை கேட்டாள் என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது எனக்கு அது தெரியவும் இல்லை. அந்த வசனத்தை அழித்தால் நான் பொய்க்காரி. அழிக்காவிட்டாலும் பொய்க்காரிதான், ஆனால் பழைய பொய்க்காரி. விரலை எடுத்தேன்.

அப்போதுதான் பிள்ளைகளின் தாள்களை ஒழுங்காகப் பார்த்தேன். முதலில் கோபத்தில் திறந்தும் பார்க்கவில்லை. ஏழெட்டுத் தாள்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில்தான் கோடு. எண்ணிக்கைக்காகச் சேர்த்த அந்த வசனத்தின் கீழே. கழுவிய கப்பைக் கழுவினாள். ஒரு பிள்ளை கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால், பிழையான ஆங்கிலத்தில், கோபம் வந்த ஆள் கப்பை உடைக்கும் என்று எழுதியிருந்தது. முன்னிடைச்சொல் பிழை, காலம் பிழை. நான் திருத்தவில்லை.

அது உண்மை. அன்று குசினிக்குள் நான் கோபப்படவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன், அவள் என் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று. இனி இந்த வீட்டில் ரேடியோவைக் குறை என்று நான் சொல்ல ஓர் ஆள் இருக்காது என்ற பயம் ஒன்றுதான் இருந்தது. அந்த மனிதரின் எட்டாம் வகுப்பு, ஊர் என்ன சொல்லும் என்பது, மூத்தவளின் மரியாதை எல்லாம் பிறகு நான் தேடிப் பிடித்த காரணங்கள். பந்தியில் கலியாணத்தை எடுத்துவிட்டு வேலை என்று போட்டபோதே அந்தக் காரணங்களும் கழன்று போய்விட்டன. மிச்சமாக நின்றது பயம். அதைத்தான் பிள்ளைகள் வாசித்திருக்கிறார்கள்.

விடையை மூன்று என்று மாற்றினேன். வரி எண்ணையும் சரியாகப் போட்டேன். உங்கள் கடின உழைப்புக்கு நன்றி என்று பதில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நிலாவெளி பஸ்ஸில் ஏறினேன். கேற்றடியில் முன்வீட்டு அம்மா, இண்டைக்கும் வேலையோ என்று கேட்டார். ஓம் என்றேன். சல்லிச் சந்தியில் இறங்கி, வெயிலில் நடந்து, கோயிலைத் தாண்டியதும் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. தங்கையின் வீட்டுக்கு மூன்று வருடத்தில் முதல்முறை வருகிறேன், வழி கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. சைக்கிளில் வந்த ஒரு பெண்ணை மறித்துத் தங்கையின் பெயரைச் சொன்னேன். அவள் யோசித்தாள். சங்கத்தில் வேலை செய்தவள் என்றேன்.

"ஆ, இங்கிலீஸ் டீச்சரின்ர தங்கச்சியோ? அந்த நீல மதில் வீடு."

தங்கை என்னை அந்த ஊரில் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் அவளைப் பற்றி என் ஒழுங்கையில் சொல்லி வைத்திருந்ததை நினைத்தேன். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

முற்றத்தில் வலையைப் பரப்பி மீன் காயப் போட்டிருந்தது. தங்கையின் கணவர் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, கையைக் கழுவி, உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து, தோளில் கிடந்த துவாயால் துடைத்து நிழலில் வைத்தார். வாங்கோ என்ற ஒரு சொல்தான் சொன்னார். உள்ளே பார்த்து அக்கா வந்திருக்கிறா என்று குரல் கொடுத்துவிட்டு, சோடா வாங்கப் போவதாகச் சைக்கிளை எடுத்தார். கடை மூன்றாவது வீடு. அவர் திரும்பி வர ஒரு மணித்தியாலம் சென்றது. எட்டாம் வகுப்புப் படித்தவருக்கு எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று தெரிந்திருந்தது.

தங்கை கறுத்துக் கொஞ்சம் தடித்திருந்தாள். கையெல்லாம் உப்பு. உடம்புக்கு ஏதும் வருத்தமோ, பென்சன் பிரச்சினையோ, வீட்டில் ஏதும் உடைந்துவிட்டதோ என்று வரிசையாகக் கேட்டாள். சும்மா வந்தேன் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள், இரண்டு கப். கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வரும் வழியில் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"அண்டைக்கு நீ மூண்டு தரம் கேட்டனீ. எனக்குக் கோபமில்லை. நான் பயந்து போனனான்."

அவள் கையில் இருந்த உப்பைச் சட்டையில் துடைத்தாள். காகம் ஒன்று மீனுக்கு இறங்கப் பார்க்க, சூ என்று விரட்டிவிட்டு வந்து மறுபடி இருந்தாள்.

"அதை அண்டைக்கே சொல்லியிருந்தீங்களெண்டா நான் வெளிக்கிட்டிருக்க மாட்டன் அக்கா. உங்களை விட்டிட்டு ஏலாது." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நல்லகாலம், நீங்கள் சொல்லேல்ல."

எனக்கு வலித்தது. அதே நேரம், எங்கேயோ பெரிய சுமை ஒன்று இறங்கியது. நான் எழுதிய நாலு விடைகளிலும் இது இல்லை. அன்று குசினிக்குள் இருந்து வெளியே வந்து பயமாக இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால், இவள் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ரேடியோவைக் குறைத்துக்கொண்டு இருந்திருப்பாள். நான் நல்லவள் என்ற பெயரோடு அவளை வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். பின்னேர பஸ்ஸில் திரும்பிப் போய் அந்த வீட்டைத் திறக்கப் போவது நான் தனியாகத்தான். அது இனி மாறப் போவதில்லை. அதை எண்ணி என்னால் அந்த நேரம் துக்கப்படவும் முடியவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை.

அந்த ஒரு வருடத்தில் எத்தனையோ கேள்விகள் எழுதியிருக்கிறேன். மூன்று வருடத்தில் இவளிடம் ஒன்றும் கேட்டதில்லை.

"இஞ்ச நல்லா இருக்கிறியா?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா," என்றாள்.

வரி காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்தேன்.